ஐயாவை அழைத்துப்போக வந்த கார்

விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் காலை ஒன்பது மணிக்கு விருத்தாசலம் தன் பாதுகாப்பைத் தானே உறுதி செய்துகொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். முப்பத்தோரு வருடம் கோப்புகளைக் கிடப்பில் போட்டுப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு கோப்புகள் கிடைக்காததால் மனிதர்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். பேசுவதற்கு ஒரு மன்றம் வேண்டுமே என்று ‘பயணியர் விழிப்புணர்வு மன்றம்’ தொடங்கினார். மன்றத்துக்கு ஒரு புத்தகம் வேண்டுமே என்று ‘ஏறுமுன் இருபத்தொன்று’ எழுதினார். வாடகைக் காரில் ஏறுமுன் பயணி கடைப்பிடிக்க வேண்டிய இருபத்தொரு விதிகள், முப்பத்திரண்டு பக்கம், அட்டையில் அவர் படம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ‘ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுநர் பக்கம் சாய்ந்துவிடுவான்’ என்று முன்னுரையில் அதையும் ஒரு தகுதியாகச் சேர்த்திருந்தார்.

விதிகளில் குறை சொல்ல முடியாது. எண்ணைப் பார், முகத்தைப் பார், பின் இருக்கையில் உட்கார், போகும் வழியை வீட்டுக்குத் தெரியப்படுத்து என்று எல்லாமே உருப்படியான விஷயங்கள்தான். அவற்றை அவர் சொன்னார் என்பதுதான் கேட்பவர்களுக்கு இருந்த ஒரே சிரமம்.

அன்று பத்தரை மணிக்குத் திண்டிவனத்தில் கூட்டம். செஞ்சிக் கோட்டை, மேல்மலையனூர் கோயில், மரக்காணம் கடற்கரை என்று வந்துபோகும் வெளியூர்க்காரர்கள் வாடகைக் காரில் பத்திரமாகப் போய்வருவதற்காக ஒரு குழு அமைக்கிறார்கள். குழுவுக்கு ஒரு கௌரவ ஆலோசகர் தேவை. சம்பளம் கிடையாது, ஆனால் லெட்டர் பேடு உண்டு. சுற்றுலாத் துறையிலிருந்து ஜெசிந்தா என்ற அதிகாரி வந்து பேச்சைக் கேட்டு முடிவு செய்வார். பேச வேண்டியவர் விருத்தாசலம். அவர் வராமல் போனால் பேசத் தயாராக இருப்பவர் மன்றத்தின் செயலாளர் சீனுவாசன். இவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாராவது வராமல் போவார்கள் என்ற நம்பிக்கையில் சட்டைப்பையில் எப்போதும் ஓர் உரையை மடித்து வைத்திருப்பவர். அவர் மைக்கைப் பிடித்தால் பிறகு கரண்டு போனால்தான் உண்டு.

விருத்தாசலத்துக்கு அந்தப் பதவி வேண்டும். மூன்று மாதமாகத் தூக்கத்தில்கூட ‘கௌரவ ஆலோசகர்’ என்று கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார் என்று அவர் மனைவி பரிமளா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு மனக்குறை. கூட்டம் நடத்துகிறவர்கள் அவருக்குக் கார் அனுப்பவில்லை. “சார், எந்த மெட்ராஸ் பஸ் ஏறுனாலும் திண்டிவனத்துல எறங்கிக்கலாம் சார்” என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

“அதான் சொல்றாங்க இல்ல? பஸ்ஸுலயே போங்களேன். காத்தோட்டமா இருக்கும்” என்றாள் பரிமளா.

“சீஃப் கெஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்கினால் கண்டக்டருக்கு இருக்கும் மரியாதைகூட இருக்காது” என்றார் விருத்தாசலம்.

ஆகவே ஆப்பில் அவரே கார் போட்டார். விதி நான்கின்படி, வெளிச்சமும் கேமராவும் உள்ள இடத்தில் ஏற வேண்டும் என்று ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார். விதி ஏழின்படி, தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை வாட்ஸ்அப்பில் நேரலையாக அனுப்பினார். விதி ‘வீட்டாருக்கு அனுப்புக’ என்றுதான் சொல்கிறது. அவர் மன்றத்தின் குழுவுக்கு அனுப்பினார். அதில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கினாள். பக்கத்து ஊரான காணையைச் சேர்ந்தவள். பெயர் பவானி, முப்பத்தைந்து வயது இருக்கும்.

“விருத்தாசலம் சாருங்களா? திண்டிவனம் தானே சார்?”

“பொறுங்கள் அம்மா” என்றார் விருத்தாசலம். “ஓட்டுநரே பயணியின் பெயரைச் சொல்ல வேண்டும். இது முதல் விதி. தேறிவிட்டீர்கள். இன்னும் இருபது இருக்கிறது.”

காரின் முன்பக்கம் போய்க் குனிந்தார். எண் பலகையில் குங்குமம் அப்பியிருந்தது.

“கடைசி இலக்கம் மூன்றா, எட்டா?”

“எட்டு சார். வெள்ளிக்கெழம பொட்டு வெச்சேன், அது மேல போய் ஒக்காந்துக்கினு இருக்கு.”

“துடையுங்கள்.”

பவானி இறங்கி வந்து துடைத்தாள். எட்டுதான்.

“படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்.”

“அது தங்கச்சி கல்யாணத்துல எடுத்த போட்டோ சார்.”

“போடுங்கள், பார்க்கலாம்.”

டேஷ்போர்டிலிருந்து எடுத்துப் போட்டுக்காட்டினாள். விருத்தாசலம் போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, கழற்றலாம்” என்றார். பிறகு பின்கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா என்று மூன்று தடவை சோதித்தார். டயரைக் குடையால் தட்டிப் பார்த்தார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

“யோவ் பெருசு, சவாரிக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

“சார், ஓடிபி சொன்னீங்கன்னா கெளம்பிடலாம்” என்றாள் பவானி.

“அது ஒன்பதாவது விதி. நாம் இப்போது எட்டில் இருக்கிறோம்” என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் அவர் தோளில் ஒரு சால்வை விழுந்தது.

திரும்பிப் பார்த்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில், இரண்டு கையையும் கூப்பி நின்றார். பட்டுச் சரிகை போட்ட பச்சைச் சால்வை. பக்கத்தில், கதவைத் திறந்துவைத்தபடி ஒரு பெரிய கார். அதன் முன்பக்கம் ஒரு முழ மல்லிகைச் சரம்.

“ஐயா தானுங்களே சீஃப் கெஸ்ட்டு?” என்றார் வந்தவர்.

“ஆம்” என்றார் விருத்தாசலம்.

வந்தவர் பெயர் மணிமாறன். மண்டகப்பட்டில் அவர் அண்ணன் அரசப்பன் மல்லாட்டை எண்ணெய், அதாவது நிலக்கடலை எண்ணெய், ஆட்டும் செக்கு ஒன்றை அன்று திறக்கிறார். திறந்துவைக்க, சென்னையிலிருந்து ரயிலில் ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரி ஒருவர் வருகிறார். ‘வெள்ளச் சட்ட, தங்க பிரேம் கண்ணாடி, நெத்தியில திருநீறு, கையில பைலு, ஸ்டேசன் வாசல்ல நிப்பாரு’ என்று அண்ணன் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற எந்த அதிகாரியையும் இந்த அடையாளத்தில் பிடித்துவிடலாம். ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம் என்பது மணிமாறனுக்குத் தெரியாது. பெயர் அண்ணன் சொல்லியிருந்தார்தான். ஆனால் அவ்வளவு பெரியவரை நேரில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கேட்பது எப்படி? அவர்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. தாலுகா ஆபீஸ் பியூனைக்கூட அவர்கள் ஐயா என்றுதான் அழைப்பார்கள்.

இதில் எதுவும் விருத்தாசலத்துக்குத் தெரியாது. திண்டிவனத்துக்காரர்களுக்குக் கடைசி நிமிடத்தில் புத்தி வந்து கார் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தார். காரின் எண் டி.என். பதினாறு என்று தொடங்கியது, அதாவது திண்டிவனத்துப் பதிவு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் புத்தகம் எழுதியவர் ஆயிற்றே. ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டு, முதல் விதியை ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்டார்: “யாரை அழைத்துப்போக வந்தீர்கள்?”

“ஐயாவத்தானுங்க” என்றார் மணிமாறன்.

விருத்தாசலம் திருப்தியோடு இன்னொரு காலையும் உள்ளே வைத்தார்.

“சார்! சார், என் வண்டி?” என்று பவானி ஓடிவந்தாள்.

“நீ போம்மா. எனக்குக் கார் வந்துவிட்டது” என்றார் அவர், கண்ணாடி வழியாக. அதுவரை ‘நீங்கள்’ என்று இருந்தது, சால்வைக்குப் பிறகு ‘நீ’ ஆகிவிட்டிருந்தது.

கார் புறப்பட்டது. மணிமாறன் ஓட்டினார். விருத்தாசலம் பின் இருக்கையில், ஒரு வாழைத்தாருக்கும் தாம்பூலத் தட்டுக்கும் நடுவில், பேச்சுக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று போனைச் சைலன்ட்டில் போட்டார்.

“கூட்டம் எப்படி?” என்றார்.

“நானூறு பேருக்கு சாப்பாடு சொல்லிக்கினு இருக்கோங்க. ஐயா பேச்சு கேக்கணும்னு காலையிலேந்தே வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க.”

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இதுவரை அவர் பேச்சைக் கேட்கக் கூடிய அதிகபட்சக் கூட்டம் நாற்பத்தாறு. அதில் பதினைந்து பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

கொஞ்சநேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். விக்கிரவாண்டி டோல்கேட் வந்திருக்க வேண்டும். கரும்புதான் வந்தது. அப்புறமும் கரும்புதான் வந்தது. விதி பதிமூன்று: ‘பாதை மாறியதாகத் தோன்றிய அக்கணமே ஓட்டுநரிடம் வினவுக.’

“இது செஞ்சி ரோடு ஆயிற்றே?” என்றார்.

“ஆமாங்கய்யா. இப்டித்தானுங்க நேரு. ஐயாவுக்கு டிராபிக்ல பேஜாரு வேணாமேன்னு நல்ல ரோட்டுல ஓட்டிக்கினு வர்றேன்.”

மேற்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் வழி கேட்கிற சீஃப் கெஸ்ட்டை அவர் இதுவரை பார்த்ததில்லை. டோல்கேட்டில் வரிசை நிற்பதால் செஞ்சி வழியாகச் சுற்றிப்போகிறார்கள் என்று அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அவரே அதை ஏற்றுக்கொண்டார்.

மண்டகப்பட்டில் மேளம் கொட்டியது. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, பித்தளைச் செம்போடு பெண்கள். அரசப்பன் ஓடிவந்து காலைத் தொட்டார். விருத்தாசலம் இறங்கி நாலாபுறமும் கும்பிட்டார். கையில் கத்தரிக்கோல் கொடுத்தார்கள். எதிரில் சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டுகிற பிரமுகர் எந்த ஊரில் இருக்கிறார்? வெட்டினார். ஒரு பட்டனைக் காட்டி அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். பெரிய இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு சுற்ற, எண்ணெய் வடிந்தது. ஏதோ வாகனப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இயந்திரம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மைக் கொடுத்தார்கள். அதற்காகத்தானே வந்தார்?

“பெரியோர்களே! தாய்மார்களே! முன்பின் தெரியாத காரில் ஏறுபவன் தன் உயிரைத் தானே பார்சல் கட்டி அனுப்புகிறான்!”

கூட்டம் கை தட்டியது. சீஃப் கெஸ்ட் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் கை தட்டுவது அங்கே பழக்கம்.

“ஓட்டுநரின் முகத்தை உற்றுப் பாருங்கள்!”

“எங்க டிராக்டர் டிரைவரு மூஞ்ச தெனமும்தான் பாக்கறோம். பாத்து என்னா ஆச்சு? வேலைக்கு வர்றதில்ல” என்றார் முன்வரிசையில் ஒரு விவசாயி.

“யோவ், நடுவுல பேசாத. மல்லாட்டைக்கு வருவாரு, இரு” என்று அடக்கினார் இன்னொருவர்.

விருத்தாசலம் மல்லாட்டைக்கு வரவில்லை. ஐந்தாவது விதிக்கு வந்து, ஆறாவதில் நுழைந்தபோது ஒலிபெருக்கியில் கரகரப்பு வந்ததால் கொஞ்சம் நிறுத்தினார். அந்த அமைதியில் அரசப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. அது ஒரு மணி நேரமாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. மேளத்திலும் செக்குச் சத்தத்திலும் கேட்கவில்லை.

அரசப்பன் போனைக் காதில் வைத்தார். முகம் மாறியது. மேடையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல மேடையேறி, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஃப் கெஸ்ட்டின் காதில் குனிந்து மிகுந்த பணிவோடு கேட்டார்:

“ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஐயா யாருங்க?”

காலை ஒன்பது மணியிலிருந்து யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

விருத்தாசலம் யார் என்பது இரண்டு நிமிடத்தில் தெளிவாயிற்று. இது திண்டிவனம் இல்லை என்பது அடுத்த அரை நிமிடத்தில். அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தார். மணி பத்து நாற்பது. குழுவில் நூற்றுப்பன்னிரண்டு செய்திகள்.

‘தலைவர் புறப்பட்டுவிட்டார்’ என்று தொடங்கியிருந்தது. அதன்கீழ் வரிசையாக எழுபது கும்பிடு. ‘தலைவர் செஞ்சி சாலையில் செல்கிறாரே?’ என்று ஒருவர். ‘தலைவருக்குத் தெரியாத வழியா’ என்று இன்னொருவர். ‘மண்டகப்பட்டில் நின்றுவிட்டார். குகைக்கோயில் பார்க்கிறாரோ?’ ‘நாற்பது நிமிடமாகப் புள்ளி அசையவில்லை.’ பிறகு சீனுவாசனின் நிதானமான தமிழ்: ‘தலைவர் ஆபத்தில் இருந்தால் ஒன்று என்று அனுப்பவும். ஆபத்து இல்லையெனில் இரண்டு. எதுவும் வராவிடில் பதினொன்றரைக்கு நான் உரையாற்றுகிறேன். புள்ளி அணைந்தால் காவல்துறைக்குச் சொல்ல ஏற்பாடு செய்துள்ளேன்.’

நேரலையை அணைக்கப் போன விரல் அப்படியே நின்றது. அணைத்தால் போலீஸ் வரும். அணைக்காவிட்டால் நூற்று நாற்பத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யோசித்து, ‘இரண்டு’ என்று அனுப்பினார்.

“எனக்கு உடனே கார் வேண்டும். பதினொன்றரைக்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும்” என்றார் அரசப்பனிடம்.

“கார் சாப்பாடு எடுக்க செஞ்சிக்குப் பூடுச்சிங்களே” என்றார் அரசப்பன். “நீங்க ஒக்காருங்க. வந்தது வந்தீங்க, கை நனச்சிட்டுப் போலாம்.”

ஆப்பில் தேடினார். அருகில் வண்டி எதுவும் இல்லை என்று காட்டியது. சால்வையோடு ரோட்டில் நின்று ஒரு டிராக்டருக்குக் கை காட்டினார். டிராக்டர்காரர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போது பந்தல் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, திருநீறு, கையில் ஃபைல் சகிதம் ஒருவர் இறங்கினார். அவர்தான் கோகுலகிருஷ்ணன், நிஜமான வேளாண்மை அதிகாரி. ஸ்டேஷனில் நின்று நின்று அலுத்து, தானே கார் பிடித்து வந்துவிட்டார். ஸ்டேஷன் வாசலில் அப்போது சும்மா நின்ற ஒரே கார், காலையில் விருத்தாசலம் விட்டுவிட்டுப் போன கார்.

பவானி கண்ணாடியை இறக்கினாள். விருத்தாசலத்தையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னா சார், இதான் திண்டிவனமா?”

“அம்மா, விவரம் பிறகு. உடனே கிளம்ப வேண்டும்” என்று கதவைத் திறக்கப் போனார். கதவு பூட்டியிருந்தது.

“ஆப்ல போடுங்க சார். ஆப் இல்லாம நான் ஏத்தறதில்ல.”

“என்னை உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். அதான் ஆப்ல போடச் சொல்றேன்.”

போட்டார். அவள் போன் சத்தம் போட்டது. பார்த்துவிட்டு, “உங்க பேரு என்னா சார்?” என்றாள்.

“விருத்தாசலம்.”

“போட்டோவுல சால்வ இல்லியே?”

விருத்தாசலம் சால்வையை எடுத்து மடித்து அரசப்பன் கையில் கொடுத்தார். அது உரியவர் தோளுக்குப் போனது.

“ஓடிபி?”

“நான்கு, ஒன்று, ஒன்று, ஏழு” என்று மாணவன்போல ஒப்பித்தார். கதவு திறந்தது.

“உங்க புக்கு எங்க ஸ்டாண்டுல ஒண்ணு கெடக்குது சார், படிச்சேன்” என்றாள் பவானி, வண்டியைத் திருப்பிக்கொண்டே. “நல்லாத்தான் எழுதிக்கினு இருக்கீங்க. ஆனா டிரைவரு பொம்பளையா இருந்து, ஏறுறவரு எப்டிப்பட்டவருன்னு தெரியலைன்னா என்னா பண்ணணும்னு ஒரு வரி இல்ல. நாங்களும் வீடு போய்ச் சேரணும் இல்ல?”

விருத்தாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். செஞ்சி தாண்டியதும், “கொஞ்சம் ஜல்தியாப் போம்மா” என்றார். அவசரத்தில் அவருக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“விதி பதினஞ்சு சார்” என்றாள் பவானி. “ஓட்டுறவங்கள வெரட்டக் கூடாது.”

வண்டி அறுபதிலேயே போனது. விருத்தாசலம் மனதுக்குள் ஒரு பொய்யைத் தயாரித்தார். திண்டிவனம் எல்லையில் அதைச் சொல்லிப் பார்த்தார்.

“இதோ பாருங்கம்மா. யாராவது கேட்டால், இது முன்கூட்டியே திட்டமிட்ட செயல்முறை விளக்கம் என்று சொல்ல வேண்டும்.”

“யாரு திட்டம் போட்டது?”

“நாம்தான்.”

“நாம்னா நானுமா? நான் செக்கு தொறக்க வந்தவர எறக்கிட்டு வர்றேன் சார். என்னை வுட்ருங்க.”

மண்டபத்துக்குள் அவர் நுழைந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. மேடையில் சீனுவாசன் மைக்கின் கழுத்தைப் பிடித்து, சட்டைப்பைக்குள் கையை விட்டிருந்தார். முன்வரிசையில் ஜெசிந்தா, மடியில் நோட்டு. பின்சுவரில் பெரிய திரை. திரையில் மாவட்ட வரைபடம். வரைபடத்தில், திண்டிவனத்தின்மேல், ஒரு நீலப் புள்ளி. மன்றத்துக்காரர்கள் தலைவரின் நேரலையைத் திரையில் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரமாக மொத்தக் கூட்டமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

புள்ளி மண்டபத்துக்குள் வந்துவிட்டதைப் பார்த்துக் கூட்டம் எழுந்து கை தட்டியது.

“தலைவர் எங்கே சென்றிருந்தார் என்று அறிய அனைவரும் ஆவலாக இருக்கிறோம்” என்றார் சீனுவாசன், மைக்கை விடாமல்.

விருத்தாசலம் மேடையேறினார். தொண்டையைச் சரிசெய்தார். “நண்பர்களே! ஒரு பயணி எப்படி ஏமாறுகிறான் என்பதை என் உடலையே பணயம் வைத்து இன்று உங்களுக்கு நேரலையில் காட்டினேன். நீங்கள் பார்த்தது ஒரு செயல்முறை விளக்கம்!”

ஜெசிந்தா நிமிர்ந்தார். “தெரிஞ்சே தப்பான வண்டியில ஏறினீங்களா சார்?”

“முற்றிலும் தெரிந்தே.”

“ரெண்டு மணி நேரமா?”

“ஆராய்ச்சி என்றால் நேரம் பிடிக்கும் மேடம்.”

அந்த நேரம் பார்த்துப் பவானி மண்டபத்துக்குள் வந்தாள். அவர் பேச்சுக் குறிப்பைச் சீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதைக் கொடுக்க வந்தவளை ஜெசிந்தா நிறுத்தினார்.

“நீங்கதான் சாரக் கூட்டிட்டு வந்தீங்களா? என்ன நடந்துச்சு?”

விருத்தாசலம் பவானியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கௌரவம், ஆலோசனை இரண்டும் கெஞ்சின. பவானிக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது அதிகாரி.

“சாரு என் வண்டிய எட்டு வெதி வரைக்கும் செக் பண்ணாருங்க மேடம். நம்பர தொடச்சிக் காட்டச் சொன்னாரு. கூலிங்கிளாஸ் போட்டுக் காட்டச் சொன்னாரு. அப்ப யாரோ வந்து சால்வ போட்டாங்க. ஒண்ணுமே கேக்காம அந்த வண்டியில ஏறிக்கினு பூட்டாரு.”

மண்டபம் சிரித்தது. சீனுவாசன் உரையை வெளியே எடுத்துவிட்டார். விருத்தாசலம் தனக்கு மிச்சமிருந்த ஒரே கம்பீரத்தையும் திரட்டி, “அதைத்தான் நான் காட்டினேன்” என்றார்.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டார். “எங்க ட்ரெயினிங்ல இந்தப் பாயின்ட் இல்லவே இல்ல. பயமுறுத்தி வெச்சா தெரியாத வண்டியில ஏறமாட்டாங்கன்னுதான் சொல்லித் தர்றோம். மரியாதை குடுத்தா ஏறிடுவாங்கன்னு யாரும் சொன்னதில்ல. அப்புறம் சார், இந்த மாதிரி கூட்டத்துல அரை மணி நேரத்துல பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட போகல.”

சீனுவாசனின் உரை மறுபடி பைக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து விருத்தாசலத்துக்குக் கடிதம் வந்தது. கௌரவ ஆலோசகர் பதவி அவருக்கே. முதல் பத்தியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நூற்றிருபது கும்பிடு வந்தது. சீனுவாசன் மட்டும் ‘வாழ்த்துகள்’ என்று எழுத்தில் போட்டார்.

இரண்டாம் பத்தியைப் பரிமளாதான் முழுசாகப் படித்தாள். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள்.

அதன்படி, அடுத்த அமாவாசை காலை, மேல்மலையனூர் பேருந்து நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. கோயிலுக்கு வந்தவர்களுக்கு நடுவில் கயிறு கட்டி ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு கார், ஒரு மைக், ஒரு நாற்காலி. மைக் பவானியிடம் இருந்தது. பயிற்சியாளர் என்று அவளுக்குக் கழுத்தில் அட்டை தொங்கியது. விருத்தாசலத்தின் அட்டையில் ‘கௌரவ ஆலோசகர்’ என்று அவர் கேட்ட எழுத்திலேயே போட்டிருந்தார்கள். ஆனால் ஜெசிந்தா எழுதிக்கொடுத்த காட்சியில் அவருக்கு வசனம் கிடையாது. வர வேண்டும், கும்பிட வேண்டும், எதுவும் கேட்காமல் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை, அமாவாசை தோறும், ஒரு நாளைக்கு ஆறு காட்சி.

“எல்லாரும் இங்க பாருங்க” என்றாள் பவானி மைக்கில். “இந்த சாரு இப்ப நம்பரு பாக்காம, பேரு கேக்காம, யாரு வண்டின்னே தெரியாம ஏறப் போறாரு.”

விருத்தாசலம் கும்பிட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். மூன்றாவது அடியில் யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஓர் அம்மாள். பிடி உடும்புப் பிடி.

“ஏறாதய்யா” என்றாள் அந்த அம்மாள். “மைக்குல அந்தப் பொண்ணு கத்திக்கினே இருக்குது, காதுல வுழலியா ஒனக்கு?”

இது நடிப்பு என்று சொல்ல வாயெடுத்தார். தூரத்திலிருந்து ஜெசிந்தா, பேசக் கூடாது என்று ஜாடை காட்டினார். கையை விடுவிக்கப் பார்த்தார். அந்த அம்மாள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மகளிடம் திரும்பினாள்.

“பாத்தா படிச்சவரு மாதிரிதான் இருக்காரு, பாவம். இவரு வூட்டுக்காரங்க யாருன்னு கேட்டு அனுப்பி வைடி.”